மகளுக்கு நூலக வேலை: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

"எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிற பெண், அங்கே போய்ப் புத்தகம் அடுக்கவா?" என்று கேட்டிருந்தீர்கள். வருத்தப்படாதீர்கள். அங்குள்ள பல்கலைக்கழக நூலகங்களில் இரவிலும் வார இறுதியிலும் கவுன்டரில் இருப்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள்தான். வேலை கிடைத்தால் சேரச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை கேம்பஸுக்குள் வேலை செய்யலாம். ஒரு வாரம்கூட அதைத் தாண்டக் கூடாது. 'ஃபெடரல் வொர்க்-ஸ்டடி' தகுதி கட்டாயம் என்று விளம்பரத்தில் இருந்தால் விட்டுவிடட்டும். அந்த அரசு உதவி எஃப்-1 மாணவர்களுக்குக் கிடையாது.

ஆள் எடுப்பவருக்கு மதிப்பெண்ணைவிட, எந்த நேரத்தில் வர முடியும் என்பதுதான் முக்கியம். விண்ணப்பத்தோடு வகுப்பு அட்டவணையையும் அனுப்பி, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வர முடியுமானால் அதையும் எழுதட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள் என்றீர்களே, அதை ரெஸ்யூமேயில் கட்டாயம் சேர்க்க வேண்டும். பொறுமையாகப் பேசத் தெரிந்த ஆள்தான் கவுன்டருக்குத் தேவை.

பயிற்சியில் பலரும் தடுமாறுவது புத்தக முதுகில் இருக்கும் எண்ணில். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வகைப்பாடுதான், அதாவது எழுத்தும் எண்ணும் சேர்த்துப் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் முறை. PL 4758 என்றால் தமிழ் இலக்கியம். 4758-ஐ முழு எண்ணாகப் படிக்க வேண்டும். அடுத்து புள்ளி வைத்து வரும் K25, K3 போன்றவற்றைத் தசமமாக, 0.25, 0.3 என்பதுபோலப் படிக்க வேண்டும். அதனால் K25 முன்னால், K3 பின்னால். இதை மாற்றி அடுக்கினால் அந்தப் புத்தகம் தொலைந்த மாதிரிதான். கணினி 'இருக்கிறது' என்று காட்டும், தேடி வருபவர் கையில் சிக்காது. இதற்கென்றே தேர்வு வைக்கும் நூலகங்கள் உண்டு. கிளம்பும் முன் ஒரு மணி நேரம் பழகினால் போதும்.

அப்புறம், யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்பதை நெருங்கிய தோழியிடம்கூடச் சொல்லக் கூடாது. இதில் அங்கே மிகவும் கண்டிப்பு. ஆய்வு தொடர்பாக யாராவது கேட்டால், தானே பதில் சொல்லாமல் நூலகரிடம் அனுப்ப வேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலர், பல மாநிலங்களில் இதைவிட அதிகம். அந்தக் கணக்கில் 20 மணி நேரத்துக்கு 145 டாலர், வரி போகக் கொஞ்சம் குறையும். மளிகைக்கும் பேருந்துக்கும் உதவும், கல்லூரிக் கட்டணத்துக்குக் காணாது. இந்த வேலையை நம்பி வங்கிக் கடன் தொகையைக் குறைத்துவிடாதீர்கள்.