சக்கரத்தைப் பிடித்திருப்பது எது?

கேள்வி: மாட்டு வண்டியில் கடையாணி இருக்கிறது, தேயிலை ஏற்றும் லாரியில் நட்டுகள் இருக்கின்றன. குன்னூர் நிலையத்தில் நிற்கும் மலை ரயில் பெட்டியின் சக்கரத்தில் இவற்றில் எதையும் காணவில்லை. அது எப்படிக் கழலாமல் ஓடுகிறது?
– வாசகர், கோத்தகிரி

பதில்: இறுக்கத்தால்தான். ரயில் சக்கரத்தின் நடுத்துளையை, அச்சின் விட்டத்தைவிட மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு குறைவாகக் கடைந்து, பல டன் விசையுள்ள அழுத்த இயந்திரத்தைக் கொண்டு அச்சின்மேல் ஏற்றுகிறார்கள். அப்போது விரிந்துகொடுத்த எஃகு மீண்டும் சுருங்க முயன்று அச்சைக் கவ்விக்கொள்கிறது. மாட்டு வண்டியில் அச்சு நிலையாக நிற்க, சக்கரம் மட்டும் சுழல்கிறது. சக்கரம் வெளியே நழுவாமல் தடுப்பது மட்டுமே கடையாணியின் வேலை. ரயிலிலோ இரு சக்கரங்களும் அச்சும் ஒன்றாகவே சுழல்கின்றன. நீலகிரிப் பாதையின் தண்டவாளங்களுக்கு இடையிலுள்ள 1000 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஏற்ப, சக்கரங்களின் இடைவெளி சிறிதும் மாறாமலிருக்க இந்தப் பிணைப்பு உதவுகிறது.

இன்னும் கவனிக்க வேண்டியது பல்சக்கரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றங்களில், எஞ்சினின் பல்சக்கரங்கள் தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்றி ஏறுகின்றன. இவற்றைச் சாதாரணச் சக்கரங்களோடு இறுகப் பிணைக்காமல், தனி நீராவி உருளைகளால் (சிலிண்டர்களால்) இயக்குகிறார்கள். சாதாரணச் சக்கரம் தேயத் தேய ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறையும். பல்சக்கரம் கடக்கும் தூரமோ பற்களின் எண்ணிக்கையால் நிர்ணயிக்கப்பட்டது. இரண்டையும் பிணைத்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துச் சறுக்கச் செய்யும். மிக நேர்த்தியான ஏற்பாடு இது.

கேள்வி: லாரிச் சக்கரத்தை மாற்றிய பிறகு நட்டுகளை மறுபடியும் முடுக்கச் சொல்வது ஏன்?
– வாசகர், கூடலூர்

பதில்: லாரியிலும் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் போல்ட்டின் தண்டு அன்று, நட்டுகளின் இறுக்கத்தால் சக்கரமும், அது பொருத்தப்படும் ஹப் என்னும் நடுப்பகுதியும் ஒன்றோடொன்று அழுந்தும்போது உண்டாகும் உராய்வே. இடையில் துரு, சேறு, தடித்த பெயின்ட் ஆகியவை இருந்தால், வண்டி ஓடும்போது அவை நசுங்கி இறுக்கம் தளர்ந்துவிடும். ஆகவே அவை இரண்டும் தொடும் முகங்களைத் துடைத்து, ஒரு நட்டுக்குப் பின் அதற்கு நேரெதிரே உள்ள நட்டு என்ற வரிசையில் முடுக்கி, நூறு கிலோமீட்டருக்குள் மீண்டும் சரிபார்க்க வேண்டும். மலையிறக்கத்தில் பிரேக் டிரம் மிகவும் சூடேறுவதால் நம் ஓட்டுநர்கள் இதை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. நட்டைச் சுற்றித் துருக்கோடுகள் படர்ந்திருந்தால், அது தளர்ந்திருக்கக்கூடும் என்று கொண்டு வண்டியை உடனே நிறுத்திப் பாருங்கள்.