கடற்கரை ஊரில் அலோய் ரிம் வெள்ளை பூத்தால் வீட்டிலேயே சரிசெய்யலாமா?

கேள்வி: வீடு திருகோணமலை டச் பே பக்கம். காரின் அலோய் ரிம்களில் பெயின்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து, புழு ஊர்ந்த தடம் மாதிரி கோடுகள் ஓடுகின்றன. ஒரு ரிம்மில் வாரத்துக்கு ஒருக்கால் காற்று இறங்குகிறது. ஸ்பிரே டின் வாங்கி நானே அடித்தால் போதுமா?

பதில்:

வீட்டிலேயே செய்யலாம். ஸ்பிரே டின் மட்டும் போதாது. நான் உப்புவெளியில் இருக்கிறேன். என் காரின் நான்கு ரிம்களையும் வீட்டு முற்றத்தில் வைத்து இரண்டு தரம் செய்திருக்கிறேன். முதல் தரம் செய்தது வீணாய்ப் போனது. அந்தப் பிழை உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் தரம் நான் செய்தது நீங்கள் கேட்டதைத்தான். கழுவி, உரிந்த இடங்களை மேலோட்டமாகத் தேய்த்து, ஹாட்வெயாரில் வெள்ளி நிற டின் ஒன்று வாங்கி அடித்தேன். ஆவணி மாதம், நல்ல வெயில், பார்க்கச் சரியான வடிவாக வந்தது. வாடைக்காற்று தொடங்கி மழையும் பிடித்தது. தைப்பொங்கலுக்குக் கார் கழுவும்போது பார்த்தால், அதே இடங்களில் அதே வெள்ளைக் கோடுகள் புதுப் பெயின்டைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன.

காரணம் விளங்கினால் மிச்ச வேலை எல்லாம் தானாக விளங்கும். அலோய் ரிம் என்பது பெரும்பாலும் அலுமினியத்தோடு ஏறக்குறைய 7 சதவீதம் சிலிக்கனும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்து வார்த்தது. அலுமினியம் காற்றுப் பட்டவுடனேயே தன்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுத் தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்ளும். அந்தத் தோல்தான் அதற்குக் காவல். உப்பில் உள்ள குளோரைட்டு அந்தத் தோலைத் துளைத்துவிடும். ஒரு சிறு கல் தெறித்து பெயின்டில் ஊசிமுனை அளவு காயம் பட்டாலே போதும். உப்பும் ஈரமும் அதற்குள் இறங்கி, பெயின்டுக்கு அடியாலேயே நூல் மாதிரி ஊர்ந்து போகும். நீங்கள் காணும் கோடு அதுதான். அந்த வெள்ளைத் தூளுக்குள்ளேயே உப்பு தங்கியிருக்கிறது. அதன்மேல் பெயின்ட் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி ஆகிவிடும். எனக்கு நடந்தது அதுதான்.

எங்கள் ஊரில் உப்பு கடற்காற்றில் மட்டும் வருவதில்லை. மீன் லொறிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் வீதி முழுக்க ஒழுகுகிறது. கடற்கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். நான் கன காலம் எங்கள் சவர்க் கிணற்றுத் தண்ணீரில்தான் கார் கழுவினேன். இப்போது எதில் கழுவினாலும் கடைசி அலசல் குழாய்த் தண்ணீரில்தான்.

வேலையைத் தொடங்க முன், எந்த ரிம்மைத் தொடக்கூடாது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெடிப்புள்ள ரிம், அது மயிரளவு கோடாக இருந்தாலும், வீட்டு வேலைக்கு உரியதல்ல. அதை மாற்றத்தான் வேண்டும். பின்பக்கத்தையும் கம்பிகளின் அடியையும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். நெளிந்த ரிம்மை காஸ் சுவாலையில் சூடாக்கித் தட்டி நிமிர்த்தித் தருவதாக யாராவது சொன்னால் கொடுக்க வேண்டாம். இந்த உலோகத்துக்குப் பலம் வருவது தொழிற்சாலையில் அளவாகச் சூடுகாட்டிப் பதப்படுத்துவதால். 200 பாகைக்கு மேல் சூடேறினால் அந்தப் பதம் கெடத் தொடங்கும், வெளியே ஒன்றும் தெரியாது. முகப்பு சீடி மாதிரி நுண் வட்டக் கோடுகளோடு மின்னுகிறதா? அது கடைசல் இயந்திரத்தில் சீவியது. அந்த மினுக்கத்தை வீட்டில் திரும்ப எடுக்க முடியாது. ஒரே நிறமாகப் பெயின்ட் அடிக்கச் சம்மதமென்றால் மட்டும் தொடுங்கள். குரோம் பூசிய ரிம்மை விட்டுவிடுங்கள்.

உங்கள் காற்று இறங்கும் ரிம்முக்கு வருகிறேன். எனக்கும் அதேதான். ஆணி ஏறியிருக்கும் என்று நினைத்து டயர் கடைக்குக் கொண்டுபோனேன். கடை அண்ணன் தண்ணீர்த் தொட்டிக்குள் அமத்திப் பிடித்தார். டயரும் ரிம்மும் சேருகிற விளிம்பு நெடுக நுரை வந்தது. "தம்பி, டயரில ஒரு பிழையும் இல்ல. ரிம்தான் உள்ளுக்குப் பூத்திருக்கு. எத்தின தரம் காத்தடிச்சாலும் இப்பிடித்தான் போகும்" என்றார். டயரைக் கழற்றியதும் பார்த்தேன். முகப்பை விட உள்விளிம்பு படுமோசமாகச் சொரசொரத்துக் கிடந்தது. சில்லு சமநிலையாகச் சுற்ற விளிம்பில் மாட்டியிருந்த ஈயக் கட்டைகளின் அடியில்தான் ஆகக் கூடிய அரிப்பு. கட்டையின் கொக்கி இரும்பு. இரும்பும் அலுமினியமும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் தின்னப்படும்.

ஆகவே டயரைக் கழற்றியே செய்யுங்கள். டயரோடு செய்தால் உள்விளிம்பு அப்படியே இருக்கும், காற்றும் அப்படியே இறங்கும். கடையில் பூசுகிற சீலர் கொஞ்சக் காலத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். எப்படியும் டயரோடுதான் செய்வதென்றால், பழைய கல்யாண அழைப்பிதழ்களை வெட்டி டயருக்கும் ரிம்முக்கும் இடையில் சுற்றிவர செருகிவிடுங்கள். ஒட்டுநாடாவை விட நன்றாக மறைக்கும்.

ஸ்பெயார் வீலை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தால் கார் ஓடாமல் நிற்காது. நட்டுக்களைச் சில்லு தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட்டு, பிறகு ஜக் போடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், ஸ்டாண்ட் ஒன்றும் வையுங்கள்.

சுரண்டும் வேலைதான் இதில் முக்கால் பங்கு. முதலில் பெயின்ட் றிமூவர் பூசிப் பழைய பூச்சை உரியுங்கள். கையுறை, கண்ணாடி போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள். அதன் ஆவி பொல்லாதது. கோஸ்டிக் சோடா போட்டால் சுகமாய்ப் போகும் என்று சொல்வார்கள். கேட்க வேண்டாம், அது அலுமினியத்தையே கரைக்கும். கடும் அமிலம் கலந்த கழுவல்களும் அப்படித்தான், கைக்கும் ஆபத்து.

இரும்புக் கம்பித் தூரிகையும் பாத்திரம் விளக்கும் இரும்புப் பஞ்சும் பாவிக்க வேண்டாம். இதை யாரும் எனக்கு முதலில் சொல்லவில்லை. இரும்புத் துகள்கள் அலுமினியத்துக்குள் பதிந்து, பிறகு ஒவ்வொன்றும் ஒரு புது அரிப்புப் புள்ளியாகும். நைலோன் தேய்ப்புத் துண்டும் வோட்டர் பேப்பரும் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போதும். பூத்த இடத்தில் 120 நம்பர் தாளால் தொடங்குங்கள். வெள்ளை போனதும் நிறுத்திவிடாதீர்கள். குழிகளின் அடியில் கறுப்பு, சாம்பல் புள்ளிகள் மிஞ்சியிருக்கும்; அவை முற்றாகப் போய் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பெயின்ட் தூக்கிய இடத்திலிருந்து ஒரு விரலகலம் தள்ளியும் பாருங்கள், நூல் அங்கேயும் ஓடியிருக்கும். பிறகு 240, 320, கடைசியாக 400. அதற்குமேல் மினுக்க வேண்டாம், பெயின்டுக்குப் பிடி வேண்டும். தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. எனக்கு ஒரு ரிம்முக்கு ஒரு முழு நாள் போனது. அந்த நாளை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அடுத்த மாரியில் திரும்பச் செய்ய வரும்.

டயர் உட்காரும் விளிம்பை நைலோன் துண்டால் வழுவழுப்பாக்கி, மெல்லிய பிறைமர் (அடிப்பூச்சு) மட்டும் அடியுங்கள். அங்கே பெயின்ட் மொத்தமாக ஏறினாலும் காற்று ஒழுகும். நட்டு அமரும் கூம்புக் குழிகளையும் ஹப்பில் (சில்லை மாட்டும் நடுப்பகுதியில்) பொருந்தும் தட்டை முகத்தையும் மறைத்துவிடுங்கள். அந்த இடங்களில் பெயின்ட் இருந்தால் ஓட ஓட நசுங்கி, நட்டு இளகிவிடும்.

பிறகு குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசி, வெயிலில் காயவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம் தொட்ட சுத்தமான துணியால் துடையுங்கள். துடைத்த பிறகு வெறுங்கையால் தொட வேண்டாம். குழியோ கீறலோ நிரப்ப வேண்டுமென்றால் பட்டியை (நிரப்பும் பசையை) வெறும் உலோகத்தின்மேல் போட்டு, தேய்த்துச் சமப்படுத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் பிறைமர். உலோகத்தை அமிலத்தால் கொஞ்சம் அரித்துப் பிடிக்கிற எட்ச் பிறைமரின் மேல் பட்டி போட்டால் அதிலுள்ள அமிலம் பட்டியை இறுகவிடாது. அலுமினியத்துக்கு எட்ச் பிறைமர் அல்லது எபொக்சி பிறைமர்தான் பிடிக்கும்; இரும்புக் கேற்றுக்கு அடிக்கிற சாதாரண பிறைமர் உரிந்துவரும்.

காலநிலையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஐப்பசி தொடக்கம் தை வரை இந்த வேலையைத் தொடாதீர்கள். ஈரக் காற்றில் அடித்த லேக்கர் (நிறத்துக்கு மேல் அடிக்கும் தெளிவான பூச்சு) பால் மாதிரி வெளிறிப் போகும். வைகாசி முதல் ஆவணி வரை பெயின்ட் நன்றாகக் காயும், ஆனால் கச்சான் காற்று எழும்பினால் மண்ணை அள்ளி ஈரப் பெயின்டில் ஒட்டிவிடும். மத்தியானத்துக்குப் பிறகு கடற்காற்று திரும்பினால் உப்பும் வரும். ஆகவே காலை எட்டு மணி தொடக்கம் பத்தரை வரை, மதில் மறைவில், முதல் நாள் தரைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு அடித்தேன். ஒரு சாண் தூரத்தில் டின்னை ஓட்டமாகக் கொண்டுபோங்கள். மெல்லிய பூச்சாக மூன்று நான்கு தரம், இடையில் பத்துப் பதினைந்து நிமிடம். ஒரே பூச்சில் மூட நினைத்தால் வழியும். பின்பக்கத்துக்கும் அதே கவனம் கொடுங்கள், உப்பு அங்கேதான் தங்குகிறது.

மேல் லேக்கருக்கு மட்டும் நான் வெளியே போனேன். சாதாரண டின் லேக்கர் பெற்றோலும் பிரேக் எண்ணெயும் பட்டால் இளகும். இறுக்கி (ஹாடனர்) கலந்து அடிக்கும் டூகே லேக்கர் கன காலம் நிற்கும், ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற நச்சு இரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க்கோடு முற்றத்தில் அடிக்கிற பொருள் அல்ல, சுவாசத்தைப் பாதிக்கும். நிறம் வரை வீட்டில் முடித்து, நான்கையும் டிங்கரிங் பெயின்டிங் கராச்சில் கொடுத்து லேக்கர் மட்டும் அடிப்பித்தேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

இவ்வளவு மினக்கெடாமல் வேறு ரிம் வாங்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இருக்கிற காரைப் பேணத்தான் அந்த வருடங்களில் நாங்கள் எல்லோரும் பழகினோம். பழைய ரிம் வாங்கினாலும் அதன் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

குறைந்தது ஒரு நாள் காயவிட்டு, டயர் போடும்போது பலன்ஸிங்கும் செய்யுங்கள். கொக்கிக் கட்டை வேண்டாம், உள்ளே ஒட்டுகிற கட்டை போடச் சொல்லுங்கள். அடுத்த ஒரு வாரத்துக்குச் சவர்க்காரம் படாமல் பாருங்கள். மாட்ட முன் காரின் ஹப்பில் உள்ள துருவைச் சுரண்டி, நடுவளையத்தில் மட்டும், ரிம் ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் அன்டி-சீஸ் பசையை மெல்லிசாகத் தடவுங்கள். நட்டுப் புரியில் படக்கூடாது. இறுக்கும் அளவு காரின் கைநூலில் இருக்கும், பல டொயோட்டா கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர். பிறகு கந்தளாய் வரை ஒருக்கால் போய்வாருங்கள், ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர் ஓடும். வந்து ரிம் ஆறியதும் நான்கு சில்லின் நட்டுக்களையும் அதே அளவுக்கு இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள்.