துணி காயாத நாளில் கோழிக்கும் சூடு இறங்காது

சிங்கப்பூரில் சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் தரைவீட்டில் இருக்கும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டுப் பின்புறத்தில் ஐந்து பெட்டைக் கோழிகள் வளர்த்தாராம், போன இரண்டு வாரத்தில் இரண்டு போய்விட்டன. ஒன்று நன்றாகக் கொழுத்த பெரிய பழுப்புக் கோழி. மதியம் மூன்று மணிக்கு வாயைத் திறந்துகொண்டு வேலியோரம் நின்றது, நாலு மணிக்குப் பார்த்தால் உயிரில்லை. இன்னொன்று ஒரு வாரமாக முட்டைப் பெட்டியை விட்டு நகராமல் இருந்து, பெட்டிக்குள்ளேயே செத்துக் கிடந்தது. மிச்சமுள்ள மூன்றும் இப்போது விரல் பட்டாலே உடைகிற மாதிரி மெல்லிய ஓட்டோடு முட்டை போடுகின்றன. தஞ்சாவூரில் இருக்கும் மாமியார் கூண்டைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டச் சொல்கிறார். கோழி விற்றவரோ ஏர் கூலர் ஒன்றும், தண்ணீரில் கலக்கும் பொடி ஒன்றும் தன்னிடமே வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறார்.

இரண்டையும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒரு சாதாரண நிற்கும் மின்விசிறி வாங்கிக்கொள்ளுங்கள், பெரியதாக.

மாமியார் சொல்வது தப்பு இல்லை, இடம்தான் தப்பு. நான் கோழி மருத்துவம் படித்தது நாமக்கல்லில். அங்கே மே மாத மதியத்தில் 39, 40 டிகிரி அடிக்கும், ஆனால் காற்று உலர்ந்திருக்கும். ஈரச்சாக்கைக் கட்டினால் அந்தத் தண்ணீர் விறுவிறுவென்று ஆவியாகும், ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும், கொட்டகைக்குள் நுழைந்தாலே தெரியும். சிங்கப்பூருக்கு வந்த புதிதில் நானும் இங்கே ஒரு வீட்டில் அதையே சொன்னேன். சாக்கு மாலை வரை சொட்டச் சொட்ட ஈரமாகவே இருந்தது, உள்ளே புழுக்கம் கூடி, கோழிகள் முன்பைவிட மோசமாக மூச்சிரைத்தன. அந்தக் குடும்பத்துக்கு நான் கொடுத்தது நல்ல ஆலோசனை இல்லை, அது இன்றுவரை மனதில் இருக்கிறது.

இங்கே வெயில் 33 டிகிரிதான் இருக்கும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி அடித்ததைப் பெரிய செய்தியாகப் பேசினோம், 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்தை அது எட்டிப் பிடித்தது. நாமக்கல்காரருக்கு 37 ஒரு விஷயமே இல்லை. ஆனால் இங்கே விடிகாலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும், நல்ல வெயில் அடிக்கும் மதியத்தில்கூட 60 பக்கம்தான் இறங்கும். இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம்.

இது கோழிக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், கோழிக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி. மேலே இறகுப் போர்வை வேறு. சூட்டை வெளியேற்ற அது வாயைத் திறந்து, தொண்டை துடிக்க, வேகவேகமாக மூச்சு விட வேண்டும், அந்த மூச்சோடு ஈரம் ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால்? உங்கள் வீட்டில் மூங்கில் கழியில் போட்ட துணி சாயங்காலம் வரை காயாத நாள் இருக்கிறதல்லவா, அந்த நாளில் கோழியும் எவ்வளவு மூச்சிரைத்தாலும் சூடு இறங்காது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது அந்த ஏர் கூலருக்கு வருவோம். இதைப் பற்றி ஒவ்வொரு ஏப்ரலிலும் தொண்டை வறளச் சொல்கிறேன், ஒவ்வொரு ஏப்ரலிலும் யாராவது வாங்கிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர், புகை மாதிரி நீர் தெளிக்கும் மிஸ்ட் குழாய் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: காற்றைக் கொஞ்சம் குளிர்வித்து, அதில் நிறைய ஈரத்தை ஏற்றுகின்றன. கோழியின் சூடு போக வேண்டிய முக்கியமான வழியைக் காசு கொடுத்து நாமே அடைக்கிறோம். கூண்டின் தரையும் ஈரமாகும், எச்சத்திலிருந்து மூக்கை அரிக்கும் அமோனியா கிளம்பும், தரையில் பரப்பிய மரத்தூளில் ரத்தக் கழிச்சல் கிருமி பெருகும். விற்கிறவர் காட்டும் காணொளி எல்லாம் வறண்ட ஊர்ப் பண்ணைகளில் எடுத்தது. கேட்டால் "கோழிகள் எப்படி ஆசையாக நிற்கின்றன பாருங்கள்" என்பார். அந்த ஊரில் நானும் ஆசையாக நிற்பேன்.

மின்விசிறி காற்றில் ஈரம் ஏற்றாது, உடம்புச் சூட்டை அடித்துக்கொண்டு போகும். அதைக் கூண்டுக்கு வெளியே, கம்பிவலையை ஒட்டி, கோழியின் உயரத்துக்கு இறக்கி வையுங்கள். மனிதர் உயரத்தில் வைத்தால் காற்று அவற்றின் தலைக்கு மேலே போய்விடும். ஏப்ரல், மே மாதங்களில் பருவக்காற்று மாறும் நேரம் என்பதால் பல மதியங்களில் ஓர் இலைகூட அசையாது, அந்த நேரத்தில்தான் விசிறி உயிரைக் காப்பாற்றும். காலை பத்து மணிக்குப் போட்டு, இரவு அவை கம்பில் ஏறி உட்கார்ந்த பிறகும் சில மணி நேரம் ஓடவிடுங்கள். பகலில் உடம்பில் சேர்ந்த சூட்டை இரவில் இறக்க முடியாத கோழிதான் மூன்றாம் நாள் நான்காம் நாள் மதியம் விழுகிறது. மின்கம்பி மழையில் நனையாமலும் கோழி கொத்தாமலும் இருக்கட்டும், மோட்டாரில் இறகுத் தூசி சேரும், வாரம் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

கூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. அழகான மரப்பெட்டி, சின்ன ஜன்னல், மேலே கறுப்புத் தார்த்தாள். இது குளிர்நாட்டுக்காரர் பனியில் கோழி விறைக்காமல் இருக்கச் செய்த வடிவம். "ஆறு கோழிக்குப் போதும்" என்று எழுதியிருப்பார்கள், இந்த ஊரில் அதில் இரண்டே அதிகம். நாலு பக்கமும் கம்பிவலை, மேலே நன்றாக வெளியே நீட்டிய கூரை, மழை அடிக்கும் பக்கத்துக்கு மட்டும் சுருட்டி இறக்கும் படுதா, இவ்வளவு போதும். தகரக் கூரையானால் மேலே வெள்ளை அடித்து, அடியில் நுரைப்பலகை ஒட்டுங்கள். மலைப்பாம்புக்குப் பயந்து சுற்றிலும் பலகை அடிப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான், பாம்பும் எலியும் உடும்பும் இங்கே நிஜம், ஆனால் அதற்குப் பதில் பலகை இல்லை, சின்னக் கண் உள்ள கெட்டியான வலை. மைனாவும் காக்கையும் உள்ளே வராத கூண்டில்தான் வளர்க்க வேண்டும் என்பது எப்படியும் சட்டம், எண்ணிக்கையும் பத்தைத் தாண்டக்கூடாது, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அறவே கூடாது.

அக்கம்பக்கத்தார் புகாருக்குப் பயந்து, சேவலையும் கூச்சல் போடும் பெட்டையையும் காற்றுப் புகாத பெட்டியில் அடைப்பதையும் பார்த்திருக்கிறேன். 2017-இல் சின் மிங் பகுதியில் தெருவில் திரிந்த கோழிகளைச் சத்தப் புகார்களுக்குப் பிறகு அப்புறப்படுத்திய விவகாரம் எல்லாருக்கும் நினைவிருக்கும், அதிலிருந்து இந்தப் பயம் போகவில்லை. ஒரு கோழி கொக்கரிப்பதைப் பொறுக்காத நாம் பக்கத்து வீட்டு இடிப்பு வேலையை மாதக் கணக்கில் பொறுத்துக்கொள்கிறோம். சேவல் வேண்டாம், முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை. பெட்டையை அடைக்காதீர்கள்.

சரி, தீவனம். இரைப்பையில் தீவனம் செரிக்கும்போதே உடம்பில் சூடு உண்டாகும், சாப்பிட்ட நாலைந்து மணி நேரம் கழித்து அது உச்சத்துக்கு வரும். காலை ஒன்பது, பத்து மணிக்குத் தீவனத் தட்டை எடுத்துவிட்டு மாலை ஐந்துக்குத் திரும்ப வையுங்கள். கொழுத்த கோழி போனதில் ஆச்சரியமில்லை, வெயிலில் முதலில் போவது கனமானதுதான். பழைய சோறு, ரொட்டித் துண்டு போட்டுப் போட்டு வளர்த்திருப்பீர்கள். குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை எப்போதும் எடுக்கக்கூடாது. சாதாரண நாளில் கால் லிட்டர் குடிக்கும் கோழி வெயிலில் அரை லிட்டர் வரை குடிக்கும், ஆனால் சுடுதண்ணீரை அது தொடாது. சிமெண்டுத் தரையில் வெயிலில் வைத்த பிளாஸ்டிக் குவளைத் தண்ணீர் மதியத்துக்குள் சூடாகிவிடும். நிழலில் இரண்டு மூன்று இடத்தில் வைத்து, பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மாற்றுங்கள், ஒரு பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து உள்ளே போட்டாலும் நல்லது. கால் நனைக்க அகலமான தொட்டி வைக்கலாம், ஆனால் தினமும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரே வாரத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும், டெங்கியும் வரும், 200 வெள்ளியிலிருந்து தொடங்கும் அபராதமும் வரும்.

முட்டை ஓடு மெலிந்ததற்கும் காரணம் அந்த மூச்சிரைப்புதான். விடாமல் வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது, ஓடு கட்டுவதற்கு வேண்டியது கிடைக்காமல் போகிறது. இதற்கு மருந்து எதுவும் தேவையில்லை. ஓடு இரவில்தான் கட்டுகிறது என்பதால் மாலையில் சிப்பித்தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சூடு குறைந்தால் ஓடு தானாகத் திரும்பும்.

இப்போது அந்தப் பொடி. பொட்டலத்தின் பின்பக்கம் படித்தீர்களா? பெயர்ப்பட்டையே இல்லாமல் பிளாஸ்டிக் பையில் தருகிறார் என்றால் வாங்கவே வேண்டாம். இப்படி "வெயில் மருந்து" என்று சுற்றிவரும் பொடிகளில் நான் பார்த்த சிலவற்றில் இருந்தது ஆக்சிடெட்ராசைக்ளின், அது ஆன்டிபயாட்டிக். வெயில் ஒரு கிருமி இல்லை, அதை ஆன்டிபயாட்டிக் கொல்லாது. அந்த மருந்து முட்டைக்குள் இறங்கும், அந்த முட்டையை உங்கள் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். கோழிக்கான எலக்ட்ரோலைட், அதாவது தண்ணீரில் கரைக்கும் உப்புச்சத்துக் கலவை, வேறு சங்கதி. அதை மிகவும் புழுங்கும் நாளில் மட்டும், சில மணி நேரம், பக்கத்தில் வெறும் தண்ணீரும் வைத்துக் கொடுக்கலாம். மோர் கொடுப்பதானால் உப்பில்லாமல், கொஞ்சமாக, அரை மணியில் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள்.

பெட்டிக்குள் செத்த கோழியைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள், என் கவலை முழுக்க அதில்தான். அது அடைக்கோழி, அதாவது குஞ்சு பொரிக்க முட்டை மேல் உட்கார்ந்துவிட்ட கோழி. ஒரு வாரமாக நகரவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் மேலே சொன்ன எதுவும் அடைக்கோழிக்கு உதவாது, ஏனென்றால் அது விசிறி பக்கம் வராது, தண்ணீர் பக்கம் வராது. ஒரு நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் எழுந்து ஏதோ கொத்திவிட்டு மறுபடி போய் உட்கார்ந்துகொள்ளும். மூடிய பெட்டி, அடியில் வைக்கோல், விரித்த இறகு, சுற்றிலும் அதன் சொந்தச் சூடு. நன்றாக இருப்பதாகத்தான் வெளியிலிருந்து தெரியும், சத்தம் போடாது, வாயைத் திறப்பதும் இருட்டில் தெரியாது. கம்பத்துக் கோழி என்கிற நாட்டுக்கோழியும், பஞ்சு மாதிரி இறகுள்ள சில்கி இனமும் இந்த ஊரில் அடிக்கடி அடைக்கு உட்காரும். சேவலே இல்லாத வீட்டில் அது காக்கும் முட்டையில் குஞ்சு வரப்போவதும் இல்லை, வீணாக உயிரை விடுகிறது. அதனால் ஒரு கோழி இரண்டு நாள் தொடர்ந்து பெட்டியிலேயே இருந்து, கை நீட்டினால் உடம்பைப் புஸ்ஸென்று உப்பிக்கொண்டு கொக்கரித்தால், மூன்றாம் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். எடுத்து, அடியில் கம்பிவலை உள்ள கூண்டில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, வைக்கோல் எதுவும் போடாமல், தண்ணீரும் தீவனமும் வைத்து, அடிப்பக்கம் காற்று படும்படி மூன்று நாலு நாள் விடுங்கள். அடை தெளிந்துவிடும். ஊரில் மூக்கில் இறகு செருகுவார்களே, அது சித்திரவதை, செய்யாதீர்கள். பகலில் முட்டை எடுத்ததும் பெட்டியையும் மூடிவைத்துவிடுங்கள்.

ஒரு கோழி இறக்கையை விரித்து, கண் சொருகி, நிற்கத் தள்ளாடினால், குழாய்த் தண்ணீர் நிரப்பிய வாளியில் கழுத்து வரை இரண்டு மூன்று நிமிடம் இறக்குங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், தலையை முக்க வேண்டாம். அப்புறம் நிழலில், விசிறி முன்னால். மருத்துவரைக் கூப்பிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றால் நேரம் இருக்காது. கோழி பார்க்கும் மருத்துவர்கள் இங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான், முன்பதிவு கிடைப்பதற்குள் அந்த மதியம் முடிந்துவிடும். கோழி வளர்க்க அனுமதித்த ஊரில் அதற்கு உடம்பு சரியில்லாமல் போனால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று ஒரு தெளிவான வழி இருக்க வேண்டாமா?

ஒன்று மட்டும்: மிச்சமுள்ள மூன்றில் ஒன்று குளிர்ந்த நாளில் செத்தாலோ, இரண்டு சேர்ந்து விழுந்தாலோ, முகம் வீங்கினாலோ, அதை வெயில் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். புதைக்காமல், வெறுங்கையால் தொடாமல், தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவுக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சல் விஷயத்தில் விளையாட்டு இல்லை.

செத்ததற்குப் பதில் வேறு இரண்டு வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஜூன் முடியும் வரை வேண்டாம். 2022-இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திய பிறகு வீட்டில் கோழி வளர்க்கும் ஆசை பலருக்கு வந்தது, அந்த ஆசையை வைத்துப் பிழைக்கும் தரகர்களும் வந்துவிட்டார்கள். "முட்டையிடத் தயாரான கம்பத்துக் கோழி" என்று அவர்கள் விற்பதில் பெரும்பாலும் பண்ணையில் ஒன்றரை வயதில் கழித்துத் தள்ளியவைதான் என்பது என் அனுபவம். அலகைப் பாருங்கள். நுனி மழுங்கலாக வெட்டியிருந்தால் அது கம்பத்தில் வளர்ந்தது இல்லை. மலேசியாவின் ஜொகூரிலிருந்து காரில் கொண்டுவந்து தருகிறேன் என்றால் அது கடத்தல், அந்தக் கோழியோடு என்ன நோய் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. உங்களிடம் ஏர் கூலரும் பொடியும் விற்கப் பார்த்தவரும் கோழியை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த கோழியை அவரிடம் வாங்க வேண்டாம்.