பரோலோ ஒயின் கெட்டுப்போகல நண்பா, அவசரப்பட்டு கொட்டிடாதீங்க

2020 அறுவடை பரோலோ பாட்டில் திறந்தேன், கலர் வெளுத்திருக்கு, கடுக்காய் கடிச்ச மாதிரி வாய் இழுக்குது, போலியான்னு கேட்டிருந்தீங்க. அந்த ரெண்டும் நெபியோலோ திராட்சையோட பிறவி குணம்ங்க, கலர் எப்பவுமே லைட்டா செங்கல் சாயலாத்தான் இருக்கும், ஆனா டானின் செம தூக்கலா இருக்கும், அந்த துவர்ப்பு அதுதான்.

வடமேற்கு இத்தாலியில பியட்மான்ட், அங்க லாங்கே மலைச்சரிவுல 11 ஊர்ல விளையுறதுக்கு மட்டும்தான் பரோலோன்னு பேரு போடலாம், குறைஞ்சது 38 மாசம் ஊறணும், அதுல 18 மாசம் மரப்பீப்பாய்ல. லேபிள்ல செர்ராலுங்கா டால்பான்னு இருக்கான்னு பாருங்க, அந்த ஊர் சரக்கு பொதுவா முரட்டுத்தனம், அடங்க வருஷக்கணக்கா ஆகும். லா மோர்ரா ஊர் சரக்கு கொஞ்சம் சாது, சீக்கிரமே குடிக்கலாம்.

இப்போதைக்கு வாய் அகலமான ஜாடியில ஊத்தி ரெண்டு மூணு மணி நேரம் காத்தாட விடுங்க. ஃப்ரிட்ஜ்லருந்து எடுத்த உடனே குடிச்சீங்களா? குளிர்ல துவர்ப்பு இன்னும் ஏறும், 16-18 டிகிரி போதும். வெறும் வயித்துல சும்மா குடிக்கிற ஒயின் இல்ல இது (நானும் முதல் தடவை அப்படித்தான் மாட்டினேன்), கொழுப்புள்ள மாட்டுக்கறியோ பழைய சீஸோ கூட வெச்சு குடிங்க. ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்தா மட்டும் கார்க் கோளாறால ஒயின் கெட்டிருக்குன்னு அர்த்தம், கடையில திருப்பிக் கொடுத்துடுங்க.