ஊரில் இருக்கும் அம்மாவின் முடக்குவாத மாத்திரைகளை வெளியூரிலிருந்து தவறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

என் அம்மா தென்காசிப் பக்கம், நான் சென்னை. ஆறு வருடமாக இதே பாடுதான்.

மாத்திரை தீர்ந்துபோவதைவிட மாறிப்போவதற்குத்தான் நான் பயப்படுவேன். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள் போடுவது. தவறித் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மாவுக்கு வரும் மெத்தோட்ரெக்சேட்டும், கூடவே எழுதித்தரும் வைட்டமின் மாத்திரையான ஃபோலிக் அமிலமும் பார்க்க ஒன்றுபோல, சின்ன மஞ்சள் மாத்திரை! அதனால் முதலாவதைத் தனி டப்பாவில் போட்டு, மூடியில் ‘ஞாயிறு மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். ஞாயிறு காலை வீடியோ காலில் அட்டையைக் காட்டச் சொல்லி எண்ணிவிடுவேன். அம்மா சலித்துக்கொள்வார், பரவாயில்லை.

பத்து நாளுக்கு மாத்திரை மிச்சமிருக்கும்போதே ஊர் மருந்துக்கடை அண்ணாச்சிக்கு வாட்ஸ்அப்பில் சீட்டு, ஜிபேயில் பணம். ஆனால் பழைய சீட்டையே வருடக்கணக்கில் ஓட்டாதீர்கள். டாக்டர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ரத்த அணு, ஈரல், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்த்தாக வேண்டும். ரிசல்ட் வந்ததும் டாக்டரிடம் வீடியோவிலேயே பேசிப் புதுச் சீட்டு வாங்கலாம். 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் இதை அனுமதிக்கிறது.

அண்ணாச்சியிடம் இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: அம்மா கேட்டாலும் சீட்டில் இல்லாத வலி மாத்திரை தரக்கூடாது.