காகம் தினமும் என் தலையில் மட்டும் தட்டுகிறது. சனி தோஷமா? காகத்துக்கு ஆள் அடையாளம் தெரியுமா?

தெரியும், நன்றாகவே தெரியும். உங்கள் வாசலிலோ தெரு முனையிலோ ஒரு மரம் இருக்கும், அதில் கூடு இருக்கும், கூட்டில் குஞ்சு இருக்கும். என்றோ ஒரு நாள் நீங்கள் அதற்குப் பக்கத்தில் போய் நின்றிருப்பீர்கள். இப்போது வீட்டில் யாராவது ஜோசியரைப் பார்க்கலாம் என்று ஆரம்பித்திருப்பார்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியில் சனி வந்திருக்காது.

நான் இதை முழுசாக அனுபவித்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம். ஒரு மே மாதம் மின்கம்பியில் உரசுகிறது என்று கிளையை வெட்டினார்கள், கூடு கீழே விழுந்துவிட்டது. பாதி இறகு முளைத்த ஒரு குஞ்சு வாசலில் கிடந்து கத்தியது. எதிர்வீட்டுப் பூனை ஏற்கெனவே மதில்மேல் வந்து உட்கார்ந்தாயிற்று. நான் குஞ்சைத் துண்டால் எடுத்து, ஒரு பழைய கூடையில் போட்டு, சன்ஷேடில் வைத்தேன். இன்றைக்கு நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் வெட்டிய ஆட்களை விட்டுவிட்டு, குஞ்சைக் கையில் எடுத்த என்னை அந்தக் காகங்கள் குறித்துக்கொண்டன. மறுநாள் காலை கேட்டைத் திறந்ததும் பின்மண்டையில் ஒரு தட்டு. அம்மா கோலம் போடுவாள், ஒன்றும் ஆகாது. தம்பி சைக்கிளை எடுப்பான், ஒன்றும் ஆகாது. நான் எட்டிப் பார்த்தாலே போதும், மரம் முழுக்கக் கத்தல். துப்பட்டாவை மாற்றினேன், தலையை வேறு மாதிரிப் பின்னினேன், பிரயோஜனமில்லை. ஹெல்மெட்டோடு வெளியே போனால் மட்டும் சும்மா இருந்தன. கேட்டுக்கு வந்து கழற்றியதும் கச்சேரி ஆரம்பம்.

இது என் பிரமை இல்லை. 2006-இல் அமெரிக்காவில், சியாட்டில் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பேராசிரியர் ஒரு குகை மனிதனின் ரப்பர் முகமூடியை மாட்டிக்கொண்டு ஏழு காகங்களைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார். அப்புறம் யார் அந்த முகமூடியை மாட்டிக்கொண்டு வளாகத்தில் நடந்தாலும் காகங்கள் சூழ்ந்துகொண்டு திட்டின. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடியும் வைத்திருந்தார்கள், அப்போதைய துணை அதிபர் டிக் செனியின் முகம். அதைக் காகங்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. (செனியைப் பிடிக்காதவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம்.) குகை மனிதன் முகமூடிக்குத் தொப்பி போட்டுப் பார்த்தார்கள், தலைகீழாகக்கூட மாட்டிப் பார்த்தார்கள், காகங்கள் ஏமாறவில்லை. இதில் முக்கியமான விஷயம், வருஷம் போகப் போகத் திட்டுகிற காகங்கள் கூடின. பிடிபடாத காகங்கள் மற்றவற்றைப் பார்த்துக் கற்றுக்கொண்டன, தாய் தந்தையிடமிருந்து குஞ்சுகளும் கற்றுக்கொண்டன. 2012-இல் அதே குழு வேறு சில காகங்களுக்கு, அவற்றைப் பிடித்தவர்கள் மாட்டியிருந்த முகமூடி முகத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, நமக்குப் பயம் வரும்போது வேலை செய்யும் பகுதிக்கு ஈடான இடம் அவற்றுக்கும் வேலை செய்தது.

அது அமெரிக்கக் காகம், நம் ஊர்க் காகம் வேறு இனம் என்று யாராவது கிளம்பி வருவீர்கள். வேறு இனம்தான், எனக்கும் தெரியும். இரண்டும் ஒரே குடும்பம், என் பின்மண்டையும் சாட்சி. நான் விஞ்ஞானி இல்லை, கணக்கு எழுதுகிறவள்.

இனி சனிக்கு வருவோம். அந்தச் சமயம் எனக்குக் கரூரிலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். காகம் தலையில் தட்டுவதை அம்மா அத்தையிடம் சொல்ல, அத்தை தரகரிடம் சொல்ல, தரகர் அவர்களிடம் சொல்ல, "கொஞ்ச நாள் தள்ளிப் பேசலாம்" என்று பதில் வந்தது. உடனே திருநள்ளாறு. நளதீர்த்தத்தில் தலைமுழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட வேண்டும் என்று நல்ல சுடிதார் ஒன்று போயிற்று. எள் தீபம், இரும்புச் சட்டி தானம், சனிக்கிழமை தவறாமல் எள் சாதம். கோயிலுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, நானும் போகிறவள்தான், அதனால் தயவுசெய்து சண்டைக்கு வராதீர்கள். ஆனால் எள் சாதத்தை மொட்டைமாடியில் வைத்தால் அதே ஜோடிக் காகம் வந்து வயிறாரச் சாப்பிடும், சாப்பிட்டு முடித்து என் தலையில் தட்டிவிட்டுப் போகும். அம்மா அதைப் பார்த்த பிறகும் நம்பவில்லை.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஊர் முழுக்க என் தலையெழுத்தைச் சொன்ன அத்தை, எங்கள் டேபிள் டாப் கிரைண்டரை "ஒரு விசேஷத்துக்கு" என்று வாங்கிப் போய் வருஷக் கணக்காகிறது. அவர்கள் வீட்டில் இட்லி சாப்பிடும்போது கேட்கலாமா என்று நாக்கு நுனிவரை வரும். அப்பாவின் தங்கையாயிற்றே என்று அம்மா கண்ணாலேயே அடக்கிவிடுவாள். என்னைத் தட்டிய காகத்தை மறக்கச் சொல்லும் குடும்பம், கிரைண்டரை மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக மறந்தது என்று தெரியவில்லை.

சரி, காகத்துக்கு வருகிறேன். முகத்தை வருஷக் கணக்கில் நினைவு வைத்திருக்கும் இந்தப் பறவைதான், குயில் தன் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போனால் தெரியாமல் அடைகாத்து, தன் குஞ்சைப் போலவே இரை ஊட்டி வளர்க்கிறது. மார்ஸ்லஃப் சோதனையைவிட எனக்கு இதுதான் ஆச்சரியம். உங்கள் வாசல் கூட்டில் இருப்பதும் குயில் குஞ்சாக இருக்கலாம், அதற்காகத்தான் உங்களுக்கு அடி விழுந்துகொண்டிருக்கலாம்!

செய்ய வேண்டியது: காகம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும். அதனால் குடை பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது மரத்தடியைத் தாண்டும்வரை அதைத் திரும்பிப் பார்த்தபடியே நடங்கள். 1986-இல் சுந்தரவனக் காட்டுக்குள் போகும் தொழிலாளர்களுக்குப் புலி பின்னாலிருந்து பாயாதிருக்க, தலையின் பின்பக்கம் மாட்டிக்கொள்ள மனித முகமூடி கொடுத்தார்கள், அதே கணக்குத்தான். கல் எறியாதீர்கள், அந்தக் கணக்கையும் சேர்த்து எழுதிவைக்கும். குஞ்சு முட்டையிலிருந்து வந்து மூன்று நான்கு வாரத்தில் பறக்கத் தொடங்கிவிடும், அதன் பிறகு தானாகக் குறையும். எனக்கும் குறைந்தது. கத்துவது மட்டும் அடுத்த வருஷமும் இருந்தது.

வீட்டில் எள் சாதம் வைக்கச் சொன்னால் வையுங்கள், காகத்துக்குச் சாப்பாடு கிடைக்கும். ஜோசியருக்குக் கொடுக்க எடுத்துவைத்த பணத்தில் முதலில் ஒரு நல்ல குடை வாங்கிவிடுங்கள்.