வாகனக் கேள்வி பதில்: காஸ் அடிக்கும் முன் லாச்சியைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: எங்களுடையது 2014 டொயோட்டா அக்வா. ஏசி குளிரவில்லை என்று கராஜில் காட்டினோம், காஸ் குறைவு என்று சொல்லி நிரப்பினார்கள். ஒரு மாற்றமும் இல்லை. ஃபேனை முழுதாக வைத்தால் இரைச்சல்தான் வருகிறது, காற்று வருவதில்லை, ஒரு ஈர வாடையும் அடிக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு ஏற்றத்தான் கார், வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர்கூட ஓடாது. ஏசி ஃபில்டரை 15,000 கிலோமீட்டரில் மாற்றினால் போதும் என்கிறார்கள். சின்னவனுக்குத் தொய்வு வேறு. என்ன செய்வது?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இரைச்சல் வருகிறது, காற்று வரவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் சகோதரி, பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. காற்று வரும் துவாரத்தில் கையை வைத்துப் பாருங்கள். பலமாக அடிக்கிறது, ஆனால் குளிர் இல்லை என்றால் காஸ், கம்ப்ரஸர் பக்கம் போகலாம். குளிராகத்தான் வருகிறது, ஆனால் மெல்லிசாக வருகிறது என்றால் வழியில் எங்கோ அடைத்திருக்கிறது, அது பெரும்பாலும் காருக்குள் வருகிற காற்றின் தூசைப் பிடிக்கிற ஏசி ஃபில்டர்தான், முன் லாச்சிக்குப் பின்னால் இருக்கும். காஸ் ஒன்றும் பெற்றோல் போல ஓட ஓடத் தீர்கிற சாமான் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், கசிவைத் தேடாமல் மேலே மேலே நிரப்பினால் காசுதான் போகும். அதோடு அக்வா ஹைபிரிட், அதன் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவது. அதற்கென்று மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் இருக்கிறது, சாதாரண காருக்கு ஊற்றுகிற எண்ணெய் கலந்தால் கம்ப்ரஸரே போய்விடும். அதனால் இனி யாராவது காஸ் என்று சொன்னால் ஹைபிரிட் வேலை தெரிந்தவரா என்று கேட்டுவிட்டு விடுங்கள்.

சரி, 15,000 கணக்குக்கு வருவோம். அந்தக் கணக்கோடு வழக்கமாக இன்னொன்றும் சேர்ந்தே வரும், "அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது" என்று. கிலோமீட்டரைப் பிடித்துக்கொண்டு வருடத்தை விட்டுவிடுகிறோம். காலை ஏழரைக்கு வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குக் காலி வீதியில் போய்ப் பாருங்கள், மீட்டரில் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான் ஏறும், ஆனால் அந்த அரை மணித்தியாலமும் முன்னால் நிற்கிற பஸ்ஸின் புகையை உங்கள் ஃபேன் இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபேன் எவ்வளவு நேரம் சுற்றியதோ அவ்வளவுக்கு ஃபில்டரில் அழுக்கு ஏறும். கொழும்புக்குள் மட்டும் ஓடுகிற காருக்கு நான் சொல்வது இதுதான்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள், ஒரு வருடமானால் மீட்டர் என்ன காட்டினாலும் மாற்றுங்கள். தொய்வுக்காரப் பிள்ளை ஏறுகிற காரென்றால் ஆறு மாதத்திலேயே மாற்றிவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வாடைக்கும் காரணம் அதுதானா என்றால், பாதி. ஃபில்டரைத் தாண்டி உள்ளே குளிர்கிற கொயில் இருக்கிறது, ஏசி ஓடும்போதெல்லாம் அதில் தண்ணீர் கோர்க்கும். தூசும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம்தான். புது ஃபில்டர் போட்டும் வாடை போகாவிட்டால் அந்தக் கொயிலைக் கழுவ வேண்டும். வீட்டுக்கு வர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிட்டால் கொயில் ஓரளவு காயும். பக்கத்துச் சீட்டின் காலடி ஈரமாக இருந்தால் தண்ணீர் வெளியே போகிற குழாய் அடைத்திருக்கலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஃபில்டரை நானே மாற்றலாமா? கருவி எதுவும் என்னிடம் இல்லை.
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி. அக்வா, விட்ஸ், அக்ஸியோ போன்றவற்றில் திருப்புளிகூடத் தேவைப்படாது, முதல் தடவை கால் மணித்தியாலம், அடுத்த முறை ஐந்து நிமிடம். காரை நிறுத்தி, சாவியையும் ஃபேனையும் ஓஃப் பண்ணிவிட்டு, இடது பக்க முன் சீட்டுக்கு எதிரே உள்ள லாச்சியில் இருக்கிற கடதாசி, குடை எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். லாச்சியின் ஓரத்தில் அது மெதுவாக இறங்குவதற்காக ஒரு சின்ன பிளாஸ்டிக் கை மாட்டியிருக்கும், அதைப் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றுங்கள். பிறகு லாச்சியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்நோக்கி அமர்த்தினால் முழுதாகக் கீழே தொங்கும். அதன் பின்னால் ஒரு நீள மூடி தெரியும், இரண்டு முனையிலும் உள்ள கிளிப்பை அமர்த்தி இழுத்தால் ஃபில்டர் தட்டு மாதிரி வெளியே வரும். சரித்துவிடாமல் மட்டமாக இழுங்கள், இல்லாவிட்டால் மேலே கிடக்கிற சருகும் தூசும் உள்ளே ஃபேனுக்குள் விழுந்து, அப்புறம் டிக் டிக் என்று சத்தம் போடும்.

எல்லாரும் பிழை விடுகிற இடம் அம்புக்குறி. சில ஃபில்டரில் அம்புக்குறியோடு 'UP' (மேல்) என்று இருக்கும், அது எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதைச் சொல்கிறது. வேறு சிலதில் 'AIR FLOW' (காற்றோட்டம்) என்று இருக்கும், அது காற்று போகிற திசை. லாச்சிக்குப் பின்னால் ஃபில்டர் உள்ள கார்கள் பலவற்றில் காற்று மேலிருந்து கீழே போவதால் அந்த அம்பு கீழே பார்க்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்தால் தலைகீழாகிவிடும். பழையதைக் கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதையும் முழுக்க நம்ப வேண்டாம், பழையதையே யாராவது தலைகீழாகப் போட்டிருக்கலாம். அழுக்கு எந்தப் பக்கம் அப்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்தால்தான் காற்று வருகிறது. புது ஃபில்டரின் விளிம்பில் மார்க்கர் பேனையால் திகதியை எழுதிவிட்டுப் போடுங்கள். ஒருமுறை சேர்விஸ் பில்லில் ஏசி ஃபில்டர் என்று தனியாகக் காசு எடுத்திருந்தார்கள், வீட்டுக்கு வந்து கழற்றிப் பார்த்தால் நான் எழுதிய பழைய திகதியோடு அதே ஃபில்டர். அன்றிலிருந்து இந்த வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை.

கேள்வி: ஃபில்டரைக் கழுவி, காற்றடித்துத் திரும்பப் போடலாமா?
(வாசகர், தெஹிவளை)

பதில்: கழுவலாம் என்று அதிலேயே எழுதியிருந்தால் மட்டும் கழுவுங்கள். சாதாரண ஃபில்டரை நனைத்தால் தூசைப் பிடிக்கிற நார்களின் தன்மை கெட்டுவிடும், கராஜ் குழாயால் பலமாகக் காற்று அடித்தால் நார் கிழியும். மெல்லத் தட்டிச் சருகை உதிர்ப்பது ஒரு வாரம் தள்ளிப்போடுவதற்கு மட்டும்தான். கறுப்பாக இருக்கும் கரி ஃபில்டர் புகை வாடையைக் குறைக்கும், அதிகம் கொடுத்து வாங்கத் தகும். ஆனால் எந்த ஃபில்டரும் காபன் மொனொக்சைட்டைத் தடுக்காது, மூடிய இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் படுத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஃபில்டரைக் கழற்றினால் எலி கூடு கட்டியிருக்கிறது!
(வாசகி, இரத்மலானை)

பதில்: வெறுங்கையால் தொட வேண்டாம் அக்கா, எலிக்காய்ச்சல் இருக்கிற நாடு. கையுறையும் முகக்கவசமும் போட்டு, கிருமிநாசினி தெளித்து நனைத்த பிறகே எடுத்து, பையில் கட்டி எறியுங்கள். ஃபேனைப் போட்டு ஊதி வெளியேற்றப் பார்க்கவே வேண்டாம், எல்லாம் முகத்துக்குத்தான் வரும். முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாசலில் சருகு தேங்கவிடாதீர்கள். நிறுத்தியிருக்கும்போது உட்காற்றுச் சுவிட்சை (காருக்குள் இருக்கிற காற்றையே சுற்றவிடுவது) போட்டுவிட்டால் வெளிக்காற்று வருகிற கதவு மூடியிருக்கும், எலிக்கு வழி குறையும்.

கேள்வி: வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஃபில்டர் வாங்கப் போகிறேன். என்ன கேட்க வேண்டும்?
(வாசகர், மட்டக்குளி)

பதில்: வெறும் "அக்வா ஃபில்டர்" என்று கேட்காமல் மாடல் கோடைச் சொல்லுங்கள், அக்வாவுக்கு என்எச்பி10 (NHP10) என்று இருக்கும். எஞ்சின் எயார் ஃபில்டர் வேறு, ஏசி ஃபில்டர் வேறு, இரண்டும் ஒரே மேசையில்தான் கிடக்கும். சில சின்னக் கார்களுக்குக் கம்பனியிலேயே ஏசி ஃபில்டர் போட்டு வராது, வெறும் இடம்தான் இருக்கும், அதனால் வாங்குவதற்கு முன் திறந்து பாருங்கள். உள்ளே ஒன்று இருந்தால் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், புதியதோடு நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.